இனி மூன்று வேளையும் சாப்பிடுவேன்

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு நான் விழுந்தேன்.

விழுந்த இடம் எங்கள் ஸ்டோரில், அதாவது கோப்பிக் கிடங்கில், கொட்டை காயப்போடும் களம். நல்ல வெயில். கூரை நிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கோப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் களத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்... அடுத்த நொடி தரையில் கிடந்தேன். கண் திறந்தபோது முகமெல்லாம் தண்ணீர், வாயில் நாலைந்து கோப்பிக் கொட்டை, தலைக்கு மேலே ஒரு கூட்டம். வெள்ளைக்காரத் துரையும் ஓடிவந்தார். முதலில் கோப்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டுக்கும் பெரிய சேதம் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டார்.

கண்டியில் ஒருவன் விழுந்தால் செய்தி ரயிலைவிட வேகமாகப் போகும். பொழுது சாய்வதற்குள் நான் குடித்துவிட்டு விழுந்ததாக ஹந்தானைத் தோட்டம் வரைக்கும் பேச்சு. இன்னொரு கட்சியும் இருந்தது. கோப்பி இலையில் வந்திருக்கிறதே மஞ்சள் நோய், அது இப்போது கணக்கப்பிள்ளைமாரையும் பிடிக்க ஆரம்பித்துவிட்டதாம்!

இரண்டும் பொய். நான் விழுந்தது பசியால்.

ஸ்டோரில் கணக்கப்பிள்ளை, வீட்டில் அரிசி மூட்டை இருக்கிறவன் — இவனுக்கு எங்கிருந்து வந்தது பசி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பசியில் உங்களுக்கும் கொஞ்சம் பங்கு இருப்பதால் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

வாரம் தவறாமல் பத்திரிகையின் இந்த மூலையைப் படிக்கிறவர்களுக்கு என் மகள் பூரணத்தைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: பதினைந்து வயது. ஒரே பிள்ளை. ஒரு வருடத்துக்கு முன்பு வரை வீடு முழுக்க அவள் குரல்தான் கேட்கும். பிறகு என்ன ஆனதோ... நாட்கணக்கில் பேச மாட்டாள். திடீரென்று சட்டி பானையைத் தூக்கி அடிப்பாள். தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். இரண்டு தடவை ரயில் பாதையிலேயே நடந்து கெலிஓயா வரை போய்விட்டாள். அங்கே கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா பார்த்து, தன் மனைவியிடம் உட்கார வைத்து, ஆள் அனுப்பினார். அவர் வீட்டாருக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

என்ன வியாதி? டொக்டருக்குத் தெரியவில்லை. வேப்பிலை அடித்தவருக்கும் தெரியவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டியவர் தெரியும் என்றார், கயிறுதான் அறுந்தது. வைத்தியம் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. ஆனால் குற்றம் யார் மேல் என்று மட்டும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது — பெற்றவர்கள் மேல்.

இந்த நிலையில்தான் என் அக்கா ஒரு யோசனை சொன்னாள். பிள்ளைக்காக அப்பன் அம்மனிடம் ஒருபொழுது இருக்க வேண்டும். பகல் முழுக்கப் பட்டினி. விளக்கு வைத்த பிறகு ஒரு வேளை சோறு, அதுவும் உப்பில்லாமல். எத்தனை நாளைக்கு? பூரணம் பழையபடி ஆகும்வரை.

இங்கேதான் நான் மடையன் ஆனேன். ஒரு மண்டலம் என்று வைத்திருந்தால் நாற்பத்தெட்டாம் நாள் முடிந்திருக்கும். முடிவு தேதியே இல்லாத விரதத்துக்கு யாராவது ஒத்துக்கொள்வானா? நான் ஒத்துக்கொண்டேன். மகளுக்காக ஏதாவது செய்கிறோம் என்ற நினைப்பே அப்போது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதோடு விட்டேனா? இரண்டு மாதத்துக்கு முன்பு இதே இடத்தில் அதைப் பற்றி எழுதினேன். நினைவிருக்கிறதா? தகப்பனின் வயிறு காய்ந்தால் பிள்ளையின் வாழ்வு துளிர்க்கும் என்றெல்லாம்... இப்போது படித்தால் எனக்கே குமட்டுகிறது.

ஆனால் நீங்கள் கடிதம் எழுதினீர்கள்! தபால் கட்டுக் கட்டாக வந்தது. ஹுன்னஸ்கிரியவில் ஒரு தலைமைக் கங்காணி திருநீறு மடித்து அனுப்பியிருந்தார். 'தகப்பன் என்றால் நீரல்லவோ தகப்பன்' என்று எழுதியிருந்தார் ஒருவர். உப்பில்லாத சோற்றுக்கு அந்தக் கடிதங்கள்தான் எனக்குத் தொடுகறி. படித்துக்கொண்டே சாப்பிட்டேன். ஒரு மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அதையும் பெருமையாக இறுக்கிக் கட்டிக்கொண்டேன். பூரணமும் தட்டைப் பாதியில் தள்ளிவிடுவாள்; அதுவும் வியாதிதான் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் என் மனைவி சிவகாமி என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா?

சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று வேளையும். உப்பு, காரம், கருவாட்டோடு. பகலில் பூரணம் கொஞ்சம் அடங்கிக் கிடந்தால் பக்கத்தில் பாயைப் போட்டு ஒரு மணி நேரம் தூங்குவாள். கிழமைக்கு ஒரு தடவை, நான் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து, கெட்டம்பே ஆற்றுக்குப் போய் ஆசை தீரக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வருவாள்.

ஊர் சும்மா இருக்குமா? பிள்ளை இப்படிக் கிடக்கும்போது இவளுக்கு ஆற்றுக்குளியல் ஒரு கேடா என்றார்கள். பெற்ற வயிறா, கல்லா என்றார்கள். என் அக்கா அவள் முகத்துக்கு நேராகவே கேட்டாள். சிவகாமி இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டுக்கொண்டாள்.

நான் அவளுக்காகப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஏனென்றால் — இன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேனே — எனக்குள்ளும் அதே நினைப்புதான் இருந்தது. அவளைவிட நான் ஒரு படி மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஸ்டோர் கதைக்கு வருகிறேன். கோப்பி பொறுக்குவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். கறுத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது எல்லாம் ஒரு பக்கம்; நல்லது ஒரு பக்கம். இரண்டு மணி நேரத்தில் கண் களைத்துவிடும். களைத்த கண் என்ன செய்யும்? கறுப்பை நல்லதோடு விட்டுவிடும் என்பீர்கள். அதுவும் நடக்கும். ஆனால் நான் இத்தனை வருடமாகப் பார்த்ததில் அதிகம் நடப்பது வேறு. களைத்த கண்ணுக்கு எல்லாமே கறுப்பாகத் தெரியும். நல்ல கொட்டையைத் தூக்கிக் கழிவில் போட்டுவிடும்.

அதனால் ஸ்டோரில் நான் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லோரும் எழுந்து போய்க் கண்ணைக் கழுவ வேண்டும். கொஞ்ச நேரம் எதிரில் இருக்கிற மலையைப் பார்க்க வேண்டும். துரை ஒரு தடவை இது என்ன சோம்பேறித்தனம் என்று கேட்டார். கழிவுக் குவியலைக் கிளறி, அதில் கிடந்த நல்ல கொட்டைகளைக் காட்டினேன். சட்டம் அப்படியே இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நான் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், கழிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்குகிறவர்களில் மாராயி மூத்தவள். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஐயா இன்றைக்கு நல்லதையெல்லாம் கழிவில் போடுகிறீர்கள் என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, நான் தினமும் அவர்களுக்குச் சொல்வதை எனக்கே சொன்னாள்.

"கண்ணக் கழுவிட்டு, கொஞ்ச நேரம் மலையப் பாத்துட்டு வாங்கய்யா."

மலையைப் பார்க்கக் களத்தின் நடுவுக்குப் போய் நின்றேன். மலை சுற்றியது. அப்போதுதான் விழுந்தேன்.

கோப்பி மூட்டை ஏற்றுகிற மாட்டு வண்டியில் என்னைப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். அப்போதுதான் அன்று காலையில் வீட்டில் நடந்தது சரியாக விளங்கியது.

காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பூரணம் அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் ஒரு செம்பு. என் முன்னால் நீட்டினாள். கஞ்சி. ஒரு வருடமாகத் தன் தட்டைக்கூடத் தானாக எடுக்காத பிள்ளை, தானே அடுப்பு மூட்டி, தானே கஞ்சி வைத்து, எனக்குக் கொண்டுவந்திருக்கிறாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

நான் முகர்ந்து பார்த்தேன். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, உப்புப் போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். தலையாட்டினாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேண்டுமென்றே என் விரதத்தைக் கெடுக்கப் பார்க்கிறாயா, உனக்காகத்தானே இந்தப் பாடு படுகிறேன் என்று கத்தினேன். அவள் செம்பைக் கீழே வைத்தாள். எறியவில்லை, கவனியுங்கள்... வைத்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வண்டியில் படுத்தபடி அழுதேன். வண்டிக்காரர் வலி என்று நினைத்து மாட்டை மெதுவாக ஓட்டினார்.

டொக்டர் வந்து பார்த்தார். இவருக்கு வியாதி ஒன்றும் இல்லை, சாப்பாடுதான் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சிவகாமி தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"இதுவரைக்கும் ஒரு நோயாளிய வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப ரெண்டு" என்றாள். பிறகு, இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லாததைச் சொன்னாள்.

"தோணியில வந்து மன்னார்ல எறங்கி மாத்தளைக்கு நடந்து வந்தோம். அப்ப எனக்கு ஆறு வயசு. எங்கம்மா அவ பங்குக் கஞ்சியையும் எனக்கே ஊத்துனா. கூட வந்தவங்க எல்லாம் பெத்தவன்னா இவதான்னு மெச்சுனாங்க. தம்புள்ளைக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில உக்காந்தா. எந்திரிக்கல. எங்களக் கூட்டிட்டு வந்த கங்காணி கூட்டத்த நிறுத்தல. அதுக்கப்பறம் கஞ்சி எனக்குத் தாராளமாக் கெடச்சுதுங்க. கையப் புடிச்சுக்கிட்டு நடக்க அம்மாதான் இல்ல."

அவள் நடந்து வந்தவள் என்று எனக்குத் தெரியும். கோப்பிக் காட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அந்த வழியாக நடந்து வந்தவர்கள்தானே, அதைத் தனியாகக் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அவள் இன்னும் ஒன்று சொன்னாள்: அன்றைக்கே முடிவு செய்துவிட்டாளாம், எனக்குப் பிறக்கிற பிள்ளைக்குக் கஞ்சியும் இருக்கும், கஞ்சி ஊற்ற நானும் இருப்பேன் என்று. இவளைத்தான் கல் நெஞ்சக்காரி என்றோம்!

எழுந்து சாப்பிடலாம் என்று நினைத்த நேரம் பார்த்து அக்கா வந்துவிட்டாள். கையில் திருநீறு. விழுந்ததைக் கேள்விப்பட்டுப் பதறி ஓடிவந்தவள், நான் சாப்பிடப் போகிறேன் என்றதும் இன்னும் பதறினாள்.

"வேணாம் தம்பி. பாதியில விட்டா சாமிக் குத்தம். அது புள்ள மேலதான் எறங்கும்."

அக்கா கெட்டவள் இல்லை. பயந்தவள். அவள் பயம் எனக்கும் வந்தது, மறைக்க மாட்டேன். நான் சோற்றில் கை வைத்த அன்றைக்கே பூரணம் மறுபடி ரயில் பாதையில் நடந்து போய், இந்தத் தடவை நானா பார்க்காமல் விட்டுவிட்டால்? என் ஒரு கவளம் சோற்றுக்கு அதுதான் விலை என்றால்? படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. ஆடி மாதம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? அம்மனுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றுகிறோம். பொங்கல் வைக்கிறோம். அவள் ஒரு நாளாவது வேண்டாம் என்றிருக்கிறாளா? ஊரையே பிள்ளையாக வைத்துக் காக்கிறவள், வருஷா வருஷம் வயிறு நிறையக் கூழ் குடித்துவிட்டுத்தான் காக்கிறாள். அவளைப் பட்டினி போட யாருக்கும் துணிவில்லை. எனக்கு மட்டும் என்ன விரதம்?

இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அம்மனிடம் நானே பேசிக்கொள்கிறேன், குற்றம் என்றால் என் மேல் இறங்கட்டும், இப்போது எனக்குப் பசிக்கிறது என்றேன். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள்.

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், பூரணத்தின் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன்.

"பூரணம், காலையில நீ குடுத்த கஞ்சி இருக்காம்மா?"

சத்தமில்லை. காலையில் கத்தினது தப்பு என்றேன். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் தெம்பும் இல்லை. வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. பத்து நாளைக்குப் பிறகு நான் கேட்கிற முதல் சொல்.

"உப்புப் போட்டது."

"அதான் வேணும்" என்றேன்.

கதவு திறந்தது. என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள். கஞ்சியைச் சூடு பண்ணினாள். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் கடைசி வாய் குடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். உப்பு நிஜமாகவே அதிகம். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. பிறகு அவள் அம்மா பக்கம் திரும்பி, தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று கையால் காட்டினாள். அவள் ஏன் இத்தனை நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனக்காக ஒருவன் காய்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளைக்குத்தான் சோறு இறங்கும்?

இங்கே நான் நிறுத்தியிருந்தால் நல்ல கதை. மகள் குணமாகிவிட்டாள் என்று நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் குணமாகவில்லை. சனிக்கிழமை தண்ணீர்ப் பானையைத் தூக்கி முற்றத்தில் அடித்தாள். வீடெல்லாம் தண்ணீர், ஓட்டாஞ்சில்லு. அவள் கையிலும் ஒரு கீறல். ஒரு மாதத்துக்கு முன்பென்றால் நானும் தலையில் அடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து கத்தியிருப்பேன். அன்று காலை மூன்று ரொட்டி சாப்பிட்டிருந்தேன். அவள் கையைக் கட்டினேன். சில்லுகளைக் கூட்டி அள்ளினேன். பிறகு அவள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மாறியது அவ்வளவுதான். ஆனால் ஒரு சிறிய அதிசயம் — அந்த ஒரு மணி நேரத்தில் அவளிடம் இருந்த நல்லது எதையும் கழிவில் போடவில்லை.

அக்கா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொண்டு போனவளுக்கு ஆள் அனுப்பினேன். இனி எங்களுக்காக வேண்டுதல் வைக்க வேண்டாம், வியாழக்கிழமை பின்னேரம் வந்து பூரணத்தோடு மூன்று மணி நேரம் இருந்தால் போதும் என்று. வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நானும் சிவகாமியும் கெட்டம்பே ஆற்றுக்குப் போனோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயும் சும்மா போய் உட்கார்ந்ததில்லை. திரும்பி வந்தபோது அக்கா சுவரில் சாய்ந்து கிடந்தாள். பூரணம் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பேசாத பிள்ளையிடம் பேசிப் பேசியே தனக்குத் தலை சுற்றுகிறது, முதலில் ஏதாவது சாப்பிடக் கொடு என்றாள் அக்கா. சிவகாமி தட்டு நிறையப் போட்டாள். அடுத்த வியாழனும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். சாமிக் குத்தத்தைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை.

ஆகவே, இரண்டு மாதத்துக்கு முன்பு இந்த இடத்தில் எழுதியதை இன்று திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அதை நம்பிப் பட்டினி கிடக்கிற தகப்பன், தாய் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுந்து அடுப்படிக்குப் போங்கள். உங்கள் பிள்ளைக்குச் சுகம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கே வரலாம், பத்து வருடமும் ஆகலாம். பத்து வருடம் என்றால், அந்தப் பத்து வருடமும் கையைப் பிடிக்க ஒரு ஆள் நிற்க வேண்டாமா? நான் நிற்கப் போகிறேன். தின்றுவிட்டு நிற்கப் போகிறேன். தூங்குவேன், ஆற்றில் குளிப்பேன், ஞாயிற்றுக்கிழமை ஹந்தானை மலைப் பக்கம் தனியாக நடந்துவிட்டு வருவேன். இவனுக்கு மலையேற்றம் கேட்கிறதா என்று பேசுகிறவர்கள் பேசட்டும். அன்போடு திருநீறு அனுப்புகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் பக்கத்து வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். திருநீற்றோடு நீங்களும் போய் ஒரு பின்னேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

இதைப் படித்துவிட்டு என்னை ஏசிக் கடிதம் எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதலாம். ஒன்றே ஒன்று — முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.